நடுங்கும் கண்ணாடி

மோட்டார் சைக்கிளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அதன் என்ஜினுக்கும், சக்கரத்துக்கும், பந்தயங்களில் அது வென்ற கோப்பைகளுக்கும் அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்குவார்களே தவிர, ஹேண்டில்பாரின் இரு மருங்கிலும் தண்டின்மேல் நிற்கும் கண்ணாடிக்கு ஒரு பக்கத்தைத் தருவதும் அரிது. வாங்குபவரும் அப்படித்தான். மைலேஜை விசாரித்து, விலையைப் பேசி, வர்ணத்தைப் பத்து முறை மாற்றி யோசித்து வண்டியை எடுக்கிறவர், கண்ணாடியை மட்டும் வந்தது வரட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் உள்ளங்கை அகலமே உள்ள அந்தப் பொருள் பின்னால் வருவதைத் தெளிவாகக் காட்டத் தொடங்குவதற்கு, மோட்டார் சைக்கிள் பிறந்த பின்னரும் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தாமதத்துக்குக் காரணம் கண்ணாடி செய்வோரின் கலையில் இருந்த குறை அன்று, அதைச் சுமந்த யந்திரத்தின் நடுக்கமே.

கண்ணாடிக் கலையோ மோட்டாருக்கு மிகவும் மூத்தது. உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியச் செய்யும் வித்தை நம் நாட்டில் புராதனமானது. திருப்பாவையில் ஆயர்சிறுமியர் நப்பின்னையிடம் கேட்கும் பொருள்களுள் விசிறியோடு கண்ணாடியும் உண்டு. கேரளத்து ஆறன்முளையில் இன்றைக்கும் அத்தகைய உலோகக் கண்ணாடியை வார்த்து எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வெனிஸ் நகரத்தை அடுத்த முரானோ தீவின் தொழிலாளிகள் கண்ணாடித் தகட்டின் முதுகில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசி, அந்த ரகசியத்தை நெடுங்காலம் காத்துவந்தார்கள். 1835-ல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரியான யுஸ்டுஸ் ஃபான் லீபிக் வெள்ளிக் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியின்மேல் மெல்லிய ஏடாகப் படியவைக்கும் முறையைக் கண்ட பின்னர், பாதரசத்தின் விஷம் தொழிலாளியை விட்டு நீங்கியது; கண்ணாடியும் நாளடைவில் சாமானியர் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. ஆகவே 1885-ல் ஜெர்மனியின் கான்ஸ்டாட் ஊரில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் அரைக் குதிரைத் திறன் உள்ள என்ஜினைப் பொருத்தி முதல் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டபோது, அவர்கள் வேண்டியிருந்தால் நல்ல கண்ணாடி கடையிலேயே கிடைத்திருக்கும். வேண்டியிருக்கவில்லை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குப் பின்னால் வருவது குதிரையானால் குளம்போசை கேட்கும். மனிதனானால் அவனே கூப்பிடுவான்.

காதை நம்பிப் போக முடியாத காலம் வந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை ஏற்பட்டது. தன் என்ஜினின் சத்தமே தன் காதை அடைத்துவிடுகிற நிலையில், பின்னால் வருகிறவனின் ஹாரன் யாருக்குக் கேட்கும்? 1909-ல் வெளிவந்த ‘பெண்ணும் காரும்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தில், பந்தய வீராங்கனையான டாரதி லெவிட், கார் ஓட்டும் பெண்கள் சிறிய கைக்கண்ணாடி ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, போக்குவரத்து மிகுந்த இடங்களில் அவ்வப்போது அதை உயர்த்திப் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். தலைவாரப் பயன்படும் கண்ணாடியைச் சாலைக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்மணியின் சமயோசிதத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கவேண்டிய மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்த யோசனை பயன்படாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சி, வாகனக் கண்ணாடியின் சரித்திரத்தில் எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி; எல்லோரும் பாதியோடு நிறுத்திக்கொள்ளும் நிகழ்ச்சியுமாகும். 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி அங்கே ஐந்நூறு மைல் பந்தயம் முதன்முறையாக நடந்தது. அக்காலப் பந்தயக் கார் ஒவ்வொன்றிலும் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அமர்ந்திருப்பார்; எண்ணெயைப் பார்த்துக்கொள்வதோடு, பின்னால் எவன் நெருங்குகிறான் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவருடைய உத்தியோகம். ரே ஹரூன் என்பவர் மட்டும் ‘மார்மன் வாஸ்ப்’ என்ற மஞ்சள் நிற ஒற்றை ஆசனக் காரில் தனியாக வந்து நின்றார். பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டுவது மற்றவர்களுக்கு அபாயம் என்று எதிரிகள் ஆட்சேபம் கிளப்பவே, எட்டு அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் உள்ள கண்ணாடி ஒன்றைத் தம் கண்ணுக்கு நேரே இரும்புச் சட்டத்தில் பொருத்தி அவர்களுடைய வாயை அடைத்தார். மணிக்குச் சராசரி எழுபத்து நான்கரை மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் ஓட்டிப் பந்தயத்தையும் வென்றார். இதுவரை பிரசித்தம். மீதிப் பாதியைப் பிற்காலத்தில் ஹரூனே ஒப்புக்கொண்டார்: முப்பத்திரண்டு லட்சம் செங்கல் பாவிய அந்தத் தடத்தில் கார் ஓடத் தொடங்கியதும் கண்ணாடி குலுங்கிய குலுக்கலில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. 1904-ல் சிகாகோவில் குதிரை வண்டி ஒன்றின்மேல் கண்ணாடியைக் கண்டதுதான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றக் காரணமாம். குதிரை வண்டியில் தெளிவாய்க் காட்டிய பொருள் மோட்டாரில் ஏறியதும் குருடாகிவிட்டது.

நான்கு சக்கரமும் நாலாயிரம் செலவும் உள்ள வண்டிக்கே இந்தக் கதி என்றால், இரு சக்கரத்தின்மேல் ஒற்றை சிலிண்டர் என்ஜினைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு போகிறவனின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கம் பிம்பத்தை அழிக்கும் விதத்தை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. கண்ணாடி எந்தக் கோணத்துக்குத் திரும்புகிறதோ, அதிலிருந்து மீளும் ஒளி அதைப்போல் இரு மடங்கு திரும்பும் என்பது ஒளிநூலின் பாலபாடம். எனவே சமதளக் கண்ணாடி அரைப் பாகை அளவே நடுங்கினாலும் பிம்பம் ஒரு பாகை அலையும்; ஐம்பது மீட்டர் தூரத்தில் வரும் லாரியின் முகவிளக்கு ஏறக்குறைய தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுபட்ட ஒளிக்கோடாகத் தோன்றும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும் என்ஜின், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் ஒவ்வொரு முறையும் சட்டத்தை உலுக்குவதால், அந்த ஒளிக்கோடு விநாடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. கண் அதைத் தொடர்ந்து பிடிக்க முடியாமல் மூடுபனியாகவே காண்கிறது. சுழல்தண்டில் எதிர்ப்பாரம் வைத்தால் போதாதோ என்றால், ஒற்றை சிலிண்டரில் சுழலும் பாரத்தைக் கொண்டு மேலும் கீழும் போகும் பாரத்தை முழுதும் சமன் செய்ய இயலாது. மேல்கீழ் உலுக்கலைக் குறைத்தால் அது முன்பின் உலுக்கலாக உருமாறி வரும். இவ்வளவும் போதாதென்று, கண்ணாடியைத் தாங்கும் தண்டுக்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. என்ஜினின் வேகம் அதனோடு ஒத்துவரும் இடத்தில், சாதாரணமாக வண்டி சுகமாய் ஓடும் வேகத்திலேயே அது நேர்வதுதான் துரதிருஷ்டம், தண்டு தன் சக்திக்கு மீறி ஆடத் தொடங்கும்.

ஆதலால் பழைய தலைமுறை மோட்டார் சைக்கிள்காரர்கள் கண்ணாடியை நம்பவில்லை. தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்ப்பதையே சம்பிரதாயமாகக் கொண்டார்கள். இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் இன்னும் ஓட்டுநர் பயிற்சியின் இன்றியமையாத அங்கமாக இருக்கிறது; அந்நாட்டுச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி கட்டாயம் என்று இன்றுவரை சொல்லவும் இல்லை. நம்பிக்கை இல்லாத பொருளுக்கு அலங்காரப் பதவி கிடைப்பது உலக இயல்பு. 1960-களின் தொடக்கத்தில் லண்டனைச் சுற்றிலும் ‘மாட்’ என்று பெயர்பெற்ற நாகரிக இளைஞர் கூட்டம் இத்தாலிய வெஸ்பாவையும் லாம்பிரெட்டாவையும் ஓட்டித் திரிந்தபோது, ஒரே ஸ்கூட்டரின் முகத்தில் பத்தும் பன்னிரண்டும் கண்ணாடிகளைக் கிளைபோல் விரித்துக் கட்டினார்கள். பின்னால் வருவதைப் பார்க்க ஒன்று போதும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று, தம்மைப் பிறர் பார்க்கப் பன்னிரண்டு வேண்டியிருந்தது. 1964-ல் கடற்கரை ஊர்களில் அவர்களோடு கைகலந்த ‘ராக்கர்’ கூட்டமோ கனத்த மோட்டார் சைக்கிளில் தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பூட்டி, கண்ணாடியைப் பெரும்பாலும் அறவே விட்டுவிட்டது. வைத்தவர்களும் ஹேண்டில்பாரின் நுனியில் சிறு வட்டமாகச் செருகிக்கொண்டார்கள். பின்னர் 1973-ல் ‘தி ஹூ’ இசைக்குழு வெளியிட்ட ‘குவாட்ரோஃபீனியா’ இசைத்தட்டின் அட்டையில், முதுகு காட்டி வெஸ்பாவில் அமர்ந்திருக்கும் இளைஞனின் நான்கு கண்ணாடிகளில் குழுவினர் நால்வரின் முகமும் தெரியும்படி படம் போட்டார்கள். அழகான கற்பனைதான், ஆனால் அந்தக் கண்ணாடிகளில் சாலை இல்லை.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இந்திய ராணுவம் தன் காவல் பணிக்குப் புல்லட் என்ற மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, 1955-ல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூடி என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஏற்படுத்தின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் பாகங்களைக் கூட்டிப் பொருத்தியும், பிறகு பாகங்களையே செய்தும் வண்டிகள் வெளிவந்தன. தாய்த் தொழிற்சாலை மூடிய பின்னும் சென்னையில் புல்லட் நிற்கவில்லை. எழுபது மில்லிமீட்டர் விட்டமும் தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள அதன் ஒற்றை சிலிண்டர், பெரிய பிஸ்டனை நெடுந்தூரம் ஏற்றி இறக்கும் பழைய ஆங்கில மரபைச் சேர்ந்தது. போலீஸ்காரரும், மிராசுதாரரும், கம்பீரத்தை விரும்பிய கல்லூரிப் பேராசிரியரும் அதன் நிதானமான முழக்கத்தைக் கேட்டு மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அம்முழக்கத்தை உண்டாக்கிய உலுக்கலே கண்ணாடியையும் உலுக்கியது. நின்ற வண்டியில் மீசையை ஒதுக்கிக்கொள்ளவும், நெற்றித் திருநீறு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் அக்கண்ணாடி அற்புதமாய் உதவும். வண்டி நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் அதில் தெரிவது பேருந்தா, மாட்டு வண்டியா, புளியமரமா என்று தீர்மானிப்பது ஊகத்தின் பாற்பட்டது. இடப்புறமாகச் செல்வதே நம் சாலை விதி ஆதலால் முந்துகிறவன் வலப்பக்கமே வருவான் என்று கருதி வலப்பக்கத்தில் மட்டும் கண்ணாடி வைத்துக்கொண்டவர்கள் பலர். முந்துகிறவன் அவ்விதியை அறிந்திருப்பான் என்ற அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் விடுகிறேன்.

நடுக்கத்தை வெல்ல மெக்கானிக்குகள் கையாண்ட உபாயங்கள் சாஸ்திர சம்மதமானவையே. தண்டின் அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தார்கள். நீண்ட தண்டை எடுத்துவிட்டுக் குட்டைத் தண்டு போட்டார்கள். தகரக் கூட்டை நீக்கிக் கனத்த கூட்டை வைத்தார்கள். கூடு கனத்தால் அதன் இயல்பான அதிர்வெண் தாழ்ந்து, என்ஜினின் ஓட்ட வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலும், பழைய பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையிலும் இன்னும் அனுபவஸ்தர்கள் கண்ணாடியைக் கையில் வாங்கியதும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் உபாயத்துக்கும் விலை உண்டு. தண்டு குட்டையானால் நடுக்கம் குறையும், கண்ணாடியில் பாதியை ஓட்டுகிறவரின் சொந்த முழங்கையே அடைத்துக்கொள்ளும். தண்டு நீண்டால் முழங்கை விலகும், நடுக்கம் மிகும். அமெரிக்க விதி, கண்ணாடியின் மையம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து குறைந்தது பதினோரு அங்குலம் தள்ளியிருக்கவேண்டும் என்று சொல்வது முழங்கையை உத்தேசித்தே. நுனியில் செருகும் வட்டக் கண்ணாடி முழங்கைக்கு அப்பால் நிற்பதால் பார்வைக்கு நல்லதுதான். ரங்கநாதன் தெருவை ஒத்த நெரிசலில் நுழைந்து வெளிவரும்போது அது இருக்குமா என்பது வேறு விஷயம்.

நடுக்கம் ஒரு குறை என்றால் வளைவு ஒரு சமரசம். சமதளக் கண்ணாடி பொருளின் அளவை உள்ளபடி காட்டும், ஆனால் குறுகிய துண்டையே காட்டும். புடைத்த கண்ணாடி அகன்ற சாலையைக் காட்டும், ஆனால் யாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். நூற்றிருபது சென்டிமீட்டர் வளைவாரமுள்ள புடைத்த கண்ணாடியை அறுபது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் தொலைவில் வரும் லாரி அதன் தோற்றத்தில் பாதியாகிவிடும். மனமோ அதை இரட்டிப்புத் தூரத்தில் வைத்துக் கணக்கிடும். வண்டிக் கண்ணாடிகளில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்ற எச்சரிக்கையைப் பொறிப்பது இதனால்தான். 1989-ல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 81-ஆம் எண் ஒழுங்குவிதி மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்கென்றே ஏற்பட்டது. வளைவாரம் ஆயிரம் மில்லிமீட்டருக்குக் குறையாமலும் ஆயிரத்தைந்நூறுக்கு மிகாமலும் இருக்கவேண்டும், வட்டக் கண்ணாடியின் விட்டம் தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, எவ்வடிவமாயினும் பரப்பு அறுபத்தொன்பது சதுர சென்டிமீட்டராவது வேண்டும் என்று அது வரையறுத்தது. இந்த எண்களைச் செய்தவர்கள் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது கடைத்தெருவில் விற்கும் இலைவடிவக் குட்டிக் கண்ணாடிகளை இவற்றோடு ஒப்பிட்டால் தெரியும். பூச்சும் மாறியது. வெள்ளி, படும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும், ஆனால் மழையும் கடற்காற்றும் விளிம்பில் புகுந்தால் கறுத்து ரசம் போய்விடும். அதனால் பலர் குரோமியத்துக்கு மாறினார்கள். அது பாதிக்குச் சற்று மேலான ஒளியையே திருப்புகிறது. இரவில் பின்னால் வரும் முகவிளக்கின் கூச்சத்தை நினைத்தால் இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. முதுகில் பூசிய கண்ணாடியில் முன்முகமும் சிறிது ஒளியைத் திருப்புவதால் விளக்குக்குப் பக்கத்தில் மங்கலான இரண்டாம் விளக்கு தோன்றும். முன்முகத்திலேயே பூசினால் அந்த நிழற்பிம்பம் இராது. ஆறன்முளை உலோகக் கண்ணாடியின் பெருமையும் இதுவே.

உண்மையான விமோசனம் என்ஜின் பக்கமிருந்து வந்தது. 1967-ல் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி தன் கமாண்டோ வண்டியில் என்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டு ஓட்டுபவரை உலுக்கலிலிருந்து பிரித்தது. 1969-ல் ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் சிபி 750 அந்த உலுக்கலைப் பிறப்பிலேயே குறைத்துக் காட்டியது. நம் நாட்டுக்கு அச்சுகம் சிறிய வண்டிகளின் வழியாக வந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, மறு ஆண்டில் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானிய உறவில் பிறந்த நூறு சிசி வண்டிகள் சாலைக்கு வந்தபோது, சிறிய பிஸ்டனின் இலேசான துடிப்பில் கண்ணாடி ஓரளவு ஸ்திரமாக நின்றது. பின்னால் வருவது இன்னதென்று பார்த்தவுடன் சொல்ல முடிந்தது.

இனி என்ன நடந்திருக்க வேண்டும்? கண்ணாடி தெளிந்ததும் அதை எல்லோரும் போற்றியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். வண்டி வாங்கிய மறுநாளே கண்ணாடிகளைக் கழற்றிப் பரணில் வைக்கும் வழக்கம் நம் இளைஞரிடையே பரவியது. வைத்திருப்பவரும் உட்பக்கமாக மடக்கி, தம் மார்பையே பார்த்துக்கொண்டு போனார்கள். நெரிசலில் இடிக்கிறது என்பது சொல்லும் காரணம். வண்டியின் தோற்றம் கெடுகிறது என்பது சொல்லாத காரணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் மறு ஆண்டில் வகுத்த மத்திய விதிகளும் வந்த பின்னும் இந்த வழக்கம் ஒழியவில்லை. பார்வை தராத கண்ணாடியைப் பழைய புல்லட்காரர் வைத்துக்கொண்டிருந்ததும், பார்வை தரும் கண்ணாடியைப் புதிய வண்டிக்காரர் கழற்றி வைத்ததும் நம் சாலைச் சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

புல்லட்டின் கதையும் முடிவுக்கு வந்தது. 2020-ல் மீட்டியர் வண்டியோடு அறிமுகமான புதிய 349 சிசி என்ஜினில் உலுக்கலை எதிர்த்துச் சுழலும் சமன்தண்டு ஒன்றை ராயல் என்ஃபீல்டு சேர்த்தது. 2021-ல் கிளாசிக்குக்கும் 2023-ல் புல்லட்டுக்கும் அதே என்ஜின் வந்தது. முழக்கம் குறைந்துவிட்டதே என்று பழைய அன்பர்கள் வருந்துகிறார்கள். அவர்களுடைய கண்ணாடியில் முதன்முறையாகப் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பலகை தெரிகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புதுக் கண்ணாடி வாங்கப் போகிற வாசகர், கடைக்காரர் நீட்டியதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்தியடைந்து விடலாகாது. அதை வண்டியில் பூட்டச் சொல்லி, ஆசனத்தில் அமர்ந்து, என்ஜினை ஓடவிட்டு, வழக்கமாகப் போகும் வேகத்துக்கு உரிய அளவு ஆக்ஸிலேட்டரை முறுக்கி, எதிர்ச்சாரியில் உள்ள கடையின் பெயர்ப் பலகையை அதில் படிக்க முயலுங்கள். எழுத்து நின்று தெரிந்தால் பணத்தைக் கொடுங்கள். தெரியாவிட்டால் வேறு காட்டச் சொல்லுங்கள்.